ஒரு ஆணி, ஒரு வீடு

மானிப்பாயில் கலியாணம் பேசுகிறவர் மார்க்கண்டர் என்றுதான் ஊர் சொல்லும். சைக்கிள் மிதிப்பது அவர், கதிரையில் மரியாதையாக இருத்தப்படுவது அவர். ஆனால் எந்தப் பெட்டைக்கு எட்டில் செவ்வாய், எந்த மாப்பிள்ளையின் தாய் வாய்க்காரி என்பதெல்லாம் அவருடைய மனைவி கனகாம்பிகையின் தலைக்குள்தான் இருந்தது. அதை அவள் யாருக்கும் சொல்லிக்கொண்டு திரியவில்லை. மார்க்கண்டர் சொல்லவே இல்லை.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. பெற்றோல் இல்லை, ரெலிபோன் இல்லை, எழுத ஒரு கொப்பி வாங்கக் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். அதனால் எண்பதுக்கு மேற்பட்ட சாதகக் குறிப்புகளும் ஒரே கொப்பியில் கிடந்தன. காலையில் மார்க்கண்டர் அதைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு தெல்லிப்பழைப் பக்கம் போய்விடுவார். வீடு தேடி வருகிற தாய்மாருக்குக் கனகாம்பிகை தேத்தண்ணியைக் கொடுத்து, "கொப்பி வெளியிலை, பின்னேரம் வாங்கோ" என்று அனுப்புவாள். இப்படியே ஒரு மாதம் போக அவளுக்குச் சீ என்று போய்விட்டது. எங்கேயோ தேடி இன்னொரு கொப்பி பிடித்து, முழுவதையும் பார்த்து எழுதினாள். ஆளுக்கொரு கொப்பி. பின்னேரத் தேத்தண்ணியோடு இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்துக்கொள்வது.

மூன்று மாதம் வேலை பறந்தது. நாலாம் மாதம் அடி விழுந்தது.

பாலேஸ்வரி பள்ளிக்கூட ஆசிரியை, வயது முப்பத்திமூன்று. அவளுக்குச் செவ்வாய்க் குற்றம். செவ்வாய்க்குச் செவ்வாய்தான் பொருந்தும் என்பார்கள், அப்படி அந்தக் கொப்பிகளில் தோதாக இருந்த ஒரே ஆண்பிள்ளை செல்வரட்ணம். ஒரு வியாழக்கிழமை காலை கனகாம்பிகை அவனுடைய குறிப்பைப் பாலேஸ்வரியின் தாயிடம் கொடுத்தாள். அதே காலையில், அதே குறிப்பை, மார்க்கண்டர் தெல்லிப்பழையில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தார். பின்னேரம் கொப்பிகளைச் சேர்த்துப் பார்ப்பதற்குள் இரண்டு வீட்டாரும் சாத்திரியாரிடம் போய், பொருத்தம் பார்த்து, ஓம் என்று சொல்லிவிட்டார்கள். மாப்பிள்ளையின் தாய் முதலில் வந்த சொல்லைப் பிடித்துக்கொண்டாள். அது தெல்லிப்பழைச் சொல்.

அடுத்த கிழமை பாலேஸ்வரி தானே நேரில் வந்தாள். ஏசவில்லை.

"பரவாயில்லை மாமி. கலியாணச் சாறி மட்டும் எடுத்துப்போட்டம். அதை அலுமாரிக்குள்ளை வைச்சிருக்கிறன்."

ஏசியிருந்தால் கனகாம்பிகைக்கு நன்றாக இருந்திருக்கும்.

"பழையபடி ஒரே கொப்பிதான்," என்றார் மார்க்கண்டர். "நான் வெளியிலை போனால் நீர் சும்மா இரும்."

"நீங்கள் வரும்வரைக்கும் நான் கூரையைப் பாத்துக்கொண்டிருக்கிறதோ? அது சரிவராது."

அவர் பார்த்துக்கொண்டிருக்கவே இரண்டு கொப்பிகளையும் எடுத்தாள். தான் பார்த்து எழுதியதை அடுப்புக்குள் வைத்தாள். மற்றதை ஒற்றை ஒற்றையாகக் கிழித்தாள். மார்க்கண்டர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வெளிநாட்டுக் கடிதங்கள் வந்த பழைய உறைகளில் ஒவ்வொரு குறிப்பையும் போட்டு, சாமான் அறைச் சுவரில் ஆளுக்கொரு ஆணி அடித்துத் தொங்கவிட்டாள். சுவரில் நின்று பார்க்க யாருக்கும் தடையில்லை. ஒரு வீட்டுக்குக் கொடுப்பதென்றால் உறையையே கழற்ற வேண்டும். வெறும் ஆணியில் எந்த வீடு, என்ன திகதி என்று எழுதிய மட்டைத் துண்டு தொங்க வேண்டும். எட்டு நாளைக்குள் பதில் வராவிட்டால் ஒன்பதாம் நாள் உறை ஆணிக்குத் திரும்ப வேண்டும். பெரிய வீடென்றாலும் ஒரு நாள் கூடுதலில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, பஞ்சலிங்கத்தின் குறிப்பு வரும்வரை. அவனுக்கும் செவ்வாய். ஆனால் அந்த வீட்டார் மாற்றுச் சம்பந்தம்தான் செய்வார்கள்: பஞ்சலிங்கம் ஒரு வீட்டில் பெண் எடுத்தால், அவன் தங்கையை அதே வீட்டுப் பொடியனுக்கு எடுக்க வேண்டும். பாலேஸ்வரிக்கு நடராசா என்றொரு தம்பி இருந்தான். கனகாம்பிகை ஓடிப்போய்ப் பஞ்சலிங்கத்தின் உறையைக் கழற்றினாள். தங்கையின் ஆணியில் மட்டை தொங்கியது. சைக்கிள் தூரத்துத் திருநெல்வேலியில், பெண்ணும் பொடியனும் இருந்த ஒரு வீட்டுக்கென்று மார்க்கண்டர் அதை முன்னமே கழற்றியிருந்தார்.

மார்க்கண்டருக்கு அண்ணனுடைய உறை வேண்டும், கனகாம்பிகைக்குத் தங்கையுடையது வேண்டும். ஒன்றை வைத்து ஒருவருக்கும் பிரயோசனமில்லை. மற்றவர் விடட்டும் என்று இருவரும் தங்கள் உறையை விடாமல் வைத்திருந்தார்கள். ஆறு நாள் சோறும் கறியும் மௌனமாகப் போயின. ஏழாம் நாள் பஞ்சலிங்கத்தின் தாய் ஆள் அனுப்பினாள்: "உங்களாலை ஏலாட்டி வேறை தரகரைப் பாக்கிறம்."

கனகாம்பிகை அந்த உறையோடு சுவருக்கு முன்னால் நின்றாள். விட்டால் பாலேஸ்வரிக்கு இரண்டாம் முறையும் இல்லை. விடாவிட்டால் ஒருவருக்குமே இல்லை. அவளுக்கு அழுகை வந்தது.

"இஞ்சாருங்கோ," என்று கூப்பிட்டாள். "இனி மாற்றுச் சம்பந்தமெண்டால் முதல் தங்கச்சியின்ரை உறையைத்தான் எடுக்கவேணும். அது கிடைச்ச ஆளுக்குத்தான் அண்ணன்ரை உறை. தங்கச்சி உங்கடை கையிலை. கொண்டு போங்கோ."

மார்க்கண்டர் அவள் முகத்தைப் பார்த்தார். புதிதாகத் திகதி போட்டு இரண்டு மட்டைகளைத் தொங்கவிட்டு, இரண்டு உறைகளையும் கொண்டு போனார்.

அந்த எட்டு நாளும் அவள் சுவரைப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

ஒன்பதாம் நாள் திருநெல்வேலியில், "கொழும்பிலை இருந்து மாமன் வரவேணும், இன்னும் ரெண்டு நாள் தாங்கோவன்" என்றார்கள். மார்க்கண்டர் இளகிய மனிதர். வாழ்நாளில் ஒரு வீட்டாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னார்.

"ஏலாது. வீட்டிலை ரெண்டு ஆணி வெறுமையாக் கிடக்கு."

மத்தியானம் வந்து உறைகளைத் தானே தொங்கவிட்டு, கை கழுவப் போய்விட்டார். கனகாம்பிகை முதலில் தங்கையுடையதைக் கழற்றினாள், பிறகு அண்ணனுடையதை. மட்டையில் திகதி எழுதித் தொங்கவிட்டாள். சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு, வெயிலோடு பாலேஸ்வரி வீட்டுக்கு நடந்தாள்.

பாலேஸ்வரி உறைகளைக் கையில் வாங்கினாள். திறக்கவில்லை. மாப்பிள்ளை யார், என்ன வேலை என்றும் கேட்கவில்லை.

"மாமி, இது இப்ப வேறை ஆற்றையேன் கையிலையும் இருக்கோ?"

"இல்லைப் பிள்ளை. எட்டு நாளைக்கு உங்கடை கையிலை மட்டுந்தான்."

பாலேஸ்வரி உறைகளைத் தாயிடம் நீட்டினாள். "அம்மா, சாத்திரியாரிட்டைப் போயிட்டு வாங்கோ," என்றாள். பிறகு உள்ளே போனாள். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது.