மேடத்துக்கு உடம்புக்கு என்னவாம்?

தேர்தலில் நிற்பது என்று பெயர்தான். இந்த வேலையில் யாரும் உங்களை ஒரு நிமிடம் நிற்க விடமாட்டார்கள், காலையிலிருந்து நடந்துகொண்டே இருக்க வேண்டும். நிற்பவர் பெண்ணாக இருந்துவிட்டால், நடக்கும்போது மூச்சு வாங்குகிறதா என்று பார்க்க இரண்டு பேர் பின்னாலேயே வருவார்கள். ஆபரேஷன் முடிந்து முதல் முறையாகக் கல்யாண வீட்டுக்குப் போன பெண்களுக்கு நான் சொல்வது புரியும். சாம்பார் ஊற்றுகிறவர் முதல் மாப்பிள்ளையின் சித்தி வரை எல்லோரும் உங்கள் இடுப்பைப் பார்த்துத்தான் பேசுவார்கள். அந்தக் கல்யாணம் மாதக்கணக்கில் நடந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ரோஸ்லின். பிறந்தது கோலார் தங்கவயலில், அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கல்யாணமாகி வந்ததிலிருந்து பெங்களூர் லிங்கராஜபுரத்தில் ஜாக்கெட் தைக்கும் கடை வைத்திருக்கிறேன். பாதி வார்டின் அளவு எனக்குத் தெரியும். யாருக்கு எப்போது ஓர் இஞ்ச் கூடியது, யாருக்கு எதனால் குறைந்தது என்பதெல்லாம் தெரியும், ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. தண்ணீர் லாரிக்கும் சாக்கடைக்கும் நான் போட்ட சண்டைகளைப் பார்த்துத்தான் கட்சியில் என்னைக் கவுன்சிலர் தேர்தலுக்குக் கூப்பிட்டார்கள்.

அக்கறை

கட்சி ஆபீசில் நேர்காணல். எனக்கு முன்னால் போன ஆளிடம் எந்தத் தெருவில் எத்தனை பேர் உன் பக்கம் என்று கேட்டார்கள். என்னிடம் வயது கேட்டார்கள். நாற்பத்தெட்டு என்றேன். சுகர் உண்டா, பி.பி. உண்டா, வெயிலில் நடந்தால் மயக்கம் வருமா, "அந்த நாட்களெல்லாம்" முடிந்துவிட்டதா என்று வரிசையாகக் கேட்டார்கள். கேட்ட மூன்று பேரில் ஒருவர், என் பதிலைக் கேட்டுக்கொண்டே சட்டைப் பையிலிருந்து இரண்டு மாத்திரையை எடுத்து டீயோடு விழுங்கினார். இது பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு இல்லையே, பொது வார்டு ஆயிற்றே, ஓடியாட வேண்டுமே என்று அவர்தான் ரொம்பக் கவலைப்பட்டார்.

கடைசியில் என் பெயரைத்தான் அறிவித்தார்கள். ஆனால் பி ஃபார்ம் என்று ஒன்று இருக்கிறது. கட்சியின் சின்னம் உங்களுக்குத்தான் என்று சொல்லும் தாள். மனுத் தாக்கல் நெருங்கும்வரை அது கைக்கு வராது, அதுவரை நீங்கள் பாதி வேட்பாளர்தான். எங்கள் வார்டில் அதைக் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் நாகராஜ் அண்ணன் கையில் இருந்தது. கட்சிக்காகவே உழைத்துத் தேய்ந்துபோன மனுஷன், மேலிடம் அவர் பேச்சைத்தான் கேட்கும். அன்று நேர்காணல் முடிந்து நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே வந்ததைப் பார்த்து அவர் சமாதானம் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதம்மா, உன் மேல இருக்கற அக்கறையில கேக்கறாங்க. ஆம்பளைங்கள இதெல்லாம் கேட்டா கோச்சிக்குவாங்க இல்ல."

பவுடர்

எங்கள் தெருமுனையில் ஒரு பெரியவர், கேட்டுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். முதல் நாள் வீடு வீடாகப் போனபோது வியர்வையில் எல்லாம் வழிந்துவிடும் என்று முகத்தில் ஒன்றும் போடாமல் போனேன். இரண்டு தெரு தாண்டுவதற்குள் நாலு பேர் "ஏன் டல்லா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டார்கள். மறுநாள் பவுடர் போட்டு, லேசாக லிப்ஸ்டிக்கும் வைத்துக்கொண்டு அதே வழியாகப் போனேன். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"நேத்து பவுடர் போடாம வந்தே, உடம்பு சரியில்லன்னு நெனச்சேன். இன்னிக்கு போட்டுக்கினு வந்துக்கீற, இன்னாத்தையோ மறைக்கிறன்னு நெனைக்கிறேன்."

உஷார்

என் கடையில் காஜா எடுக்கும் காஞ்சனா, ஆம்பூரிலிருந்து கல்யாணமாகி வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. புதிதாகக் கன்னடம் பேசும் உற்சாகத்தில் இருந்தாள். ஒரு நாள் காலையில் பார்த்தால், நாங்கள் கொடி கட்டுவதற்குப் பார்த்து வைத்திருந்த மூலையில் எதிராளி ரங்கப்பாவின் பேனர் தொங்குகிறது. பக்கத்து வீட்டு சாவித்ரம்மா, இது என்ன என்று காஞ்சனாவிடம் கேட்டிருக்கிறார். நாங்கள் உஷாராக இல்லாமல் இடத்தை விட்டுவிட்டோம் என்று சொல்ல நினைத்த காஞ்சனா, தனக்குத் தெரிந்த கன்னடத்தில் "நம்ம மேடம் ஹுஷாரில்லா" என்று சொல்லிவிட்டாள்.

தமிழில் உஷார் என்றால் விழிப்பு. கன்னடத்தில் ஹுஷாரில்லா என்றால் உடம்பு சரியில்லை. சாவித்ரம்மா பதறிப்போய் "யாவாகிந்த?" என்றார், எப்போதிலிருந்து என்று. பேனர் எப்போதிலிருந்து தொங்குகிறது என்று கேட்கிறார் என நினைத்து, நேற்றிலிருந்து என்றாள் இவள். மத்தியானத்துக்குள் எனக்கு நெஞ்சுவலி வந்துவிட்டது. சாயங்காலம் ஐ.சி.யூ.வில் சேர்த்துவிட்டார்கள். நான் விவேக் நகரில் நோட்டீஸ் அச்சடிக்கக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் திரும்பி வருகிறேன், கடை வாசலில் கூட்டம். கோயில் குங்குமம் ஒருவர் கையில், பிஸ்கட் பாக்கெட் ஒருவர் கையில், வாசல்படியில் ஒரு குலை இளநீர். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இவ்வளவு பேர் எனக்காக ஓடி வந்திருக்கிறார்களே என்று கண் கலங்கியதும் உண்மை, இதில் எத்தனை பேர் இனி எனக்கு ஓட்டுப் போடுவார்கள் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்ததும் உண்மை. சாவித்ரம்மா என் கையைப் பிடித்து நாடி பார்ப்பதுபோல் பார்த்தார்.

"நடந்து வரீங்களே, இப்பத்தான் எனக்கு உயிர் வந்துச்சு. எளநீய திருப்பி எடுத்துக்கினு போக மாட்டேன், குடிச்சிடுங்க."

ஜெப விண்ணப்பம்

வதந்தி பொய்யாக இருக்கும்வரை சமாளித்துவிடலாம். அதை உண்மையாக்க நல்ல மனசுள்ள ஒரு சொந்தக்காரர் வேண்டும். எனக்கு நாத்தனார் இருந்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். கட்டி இருந்தது, எடுத்தார்கள், தேறிவிட்டேன். என் கணவர் செல்வராஜுக்கும் நாத்தனாருக்கும் மட்டும்தான் தெரியும். எங்கள் ஜெபக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது கஷ்டம் என்றால் பெயரைச் சொல்லி விண்ணப்பம் வைப்பார்கள், எல்லோரும் கண்ணை மூடி ஜெபிப்பார்கள், கண்ணைத் திறந்ததும் போனை எடுப்பார்கள். அன்றைக்கு "ரோஸ்லின் சகோதரியின் இருதயத்துக்காக" என்று ஒருவர் ஆரம்பிக்க, என் நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. அண்ணியைப் பற்றி இப்படி ஒரு பொய்யா என்று எழுந்து நின்று விளக்கம் கொடுத்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம் அதைப் பெருமையாகவும் சொன்னாள். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. எனக்காகச் சண்டை போட்டுவிட்டு வந்தவளை என்னவென்று திட்டுவது?

"ஹார்ட்டெல்லாம் ஒண்ணுமில்ல, கர்ப்பப்பைதான் எடுத்திருக்கு, அதுவும் ரெண்டு வருஷம் ஆச்சுன்னு எல்லாருக்கும் தெளிவா சொல்லிட்டேன் அண்ணி, இனிமே யாரும் தப்பா பேச மாட்டாங்க."

இரும்பு இதயம்

ரங்கப்பாவுக்கு பைபாஸ் ஆனது ஊருக்கே தெரியும். அவரே மேடைக்கு மேடை சொல்லுவார். சட்டையின் மேல் பட்டனைக் கழற்றித் தழும்பைக் காட்டுவார், ஜனங்கள் கை தட்டுவார்கள். பேனரிலேயே "இரும்பு இதயம்" என்று போட்டிருந்தார்கள். நல்ல மனிதர்தான். வழியில் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "ரெஸ்ட் எடும்மா, உடம்பு முக்கியம்" என்று சொல்லிவிட்டு, மூச்சு வாங்க மறுபடி வண்டியில் ஏறுவார்.

என் தழும்பைக் காட்டி ஓட்டுக் கேட்க வழியில்லை. டீக்கடைக்காரரிடம், அவருக்கும் ஆபரேஷன், எனக்கும் ஆபரேஷன், எனக்கு மட்டும் ஏன் இந்தக் கேள்வி என்று நேராகவே கேட்டேன். அவர் என் மேல் மரியாதை உள்ளவர். பாலை ஆற்றிக்கொண்டே யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"அவுருது ஹார்ட்டு அக்கா, ரிப்பேர் பண்ணி உள்ளயே வச்சிட்டாங்க. உங்களுது எடுத்தே போட்டுட்டாங்களாமே."

மாற்று வேட்பாளர்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து பிரியாணிக்கு அரிசி ஊற வைத்திருந்தேன். நாகராஜ் அண்ணன் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். என்னை நலம் விசாரித்துவிட்டு, என் கணவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மேலிடத்தில் யோசிக்கிறார்கள், மேடம் ரெஸ்ட் எடுக்கட்டும், பி ஃபார்மை உங்கள் பெயரில் வாங்கிவிடுகிறேன், குடும்பத்தை விட்டு வெளியே போகாது என்றார். நான் அந்த அறையில்தான் டீ கிளாஸ்களோடு நின்றுகொண்டிருந்தேன். இத்தனை நாள் நான் நடந்ததெல்லாம் இவருக்காகவா என்று நினைத்துக்கொண்டேன்.

செல்வராஜ் ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனிக்கு கேப் ஏற்பாடு செய்கிற வேலையில் இருக்கிறார். எந்த வண்டி எங்கே சிக்கிக்கொண்டிருக்கிறது என்று நாள் முழுக்கக் கத்துகிற மனிதர், வீட்டில் அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார். "எனக்கு சுகர் இருக்கு, பி.பி. இருக்கு, கொலஸ்ட்ரால் இருக்கு. மாடி ஏறினா ரெண்டு தடவ நிப்பேன். இவளுக்கு இப்ப ஒண்ணுமே கெடையாது. உடம்பப் பாத்துத்தான் குடுக்கறதுன்னா இவளுக்குத்தான் குடுக்கணும்" என்றார். அவர் மேல் எனக்கு வந்த பிரியத்தில் நல்ல டீயை அவருக்குக் கொடுத்தேன். நாகராஜ் அண்ணன் கொஞ்சமும் அசரவில்லை.

"அதெல்லாம் பரவால்ல சார், ஆம்பளைங்களுக்கு இருக்கறதுதான்."

தெருமுனை

மனுத் தாக்கல் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கடைக்கு எதிரே தெருமுனைக் கூட்டம். நான் பேசி முடித்ததும் என்னை விலகச் சொல்லிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சாக்கடையைப் பற்றி எழுதி எடுத்துப் போயிருந்தேன். மைக்கைப் பிடித்ததும் எதிரில் இருந்த முகங்களைப் பார்த்தேன். என் கடைக்கு வருகிற பெண்கள், அத்தனை பேரின் அளவும் எனக்குத் தெரியும். எனக்குக் கோபம் வந்துவிட்டது. காகிதத்தை மடித்து வைத்தேன்.

"எனக்குக் கர்ப்பப்பை எடுத்தாச்சு. இனிமே மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. கவுன்சிலர் வேலைக்கு அது தேவைப்படுதுன்னா ரங்கப்பா அண்ணனும் நிக்க முடியாது" என்றேன். பெண்கள் பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பியது, நிற்கவேயில்லை. நம் சுகாதார நிலையத்தில் லேடி டாக்டர் இல்லாமல் நான் ஒரு வருஷம் வலியைப் பொறுத்துக்கொண்டிருந்ததைச் சொன்னேன், ஜெயித்தால் முதலில் அதைக் கேட்பேன் என்று சொல்லி முடித்தேன்.

இறங்கியதும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி காதருகே வந்து தன் கட்டியைப் பற்றிச் சொன்னாள், இன்னொருத்தி ரத்தப்போக்கைச் சொன்னாள், யாரிடமும் சொல்லவில்லை அக்கா என்று ஒவ்வொருத்தியும் சொன்னாள். கடைசியாக நாகராஜ் அண்ணனின் மனைவி லலிதாம்மா வந்தார். கட்சிக்காரர்கள் எப்போது கூடினாலும் சமைத்துப் போடுகிறவர், மேடைப் பக்கமே வரமாட்டார். நாகராஜ் அண்ணன் பக்கத்திலேயே மைக் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். லலிதாம்மா குரலைத் தாழ்த்தவில்லை.

"எனக்கும் எடுத்தாச்சு ரோஸ்லின். தையல் பிரிச்ச மறுநாள் கட்சிக்காரங்க அத்தன பேருக்கும் பிசிபேளே பாத் பண்ணேன், அன்னிக்கு ஒருத்தரும் என்னை ரெஸ்ட் எடுக்கச் சொல்லல."

ஃபார்ம்

மறுநாள் விடிந்தும் விடியாமல் நாகராஜ் அண்ணன் கடை வாசலில் நின்றார். ஷட்டரைத் தூக்கியதும் உள்ளே வந்து தையல் மெஷின் மேல் ஒரு கவரை வைத்தார். பிரித்தால் பி ஃபார்ம், என் பெயரில். உட்காருங்கள் என்றேன். உட்காரவில்லை. மேலிடம் என்ன சொன்னது என்று கேட்டேன், ஃபிளாஸ்கையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது, ஃபிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தேன். வாங்கி ஒரே மடக்கில் குடித்தார்.

"நேத்து ராத்திரிலருந்து வீட்ல சாப்பாடும் இல்ல, பேச்சும் இல்லம்மா. இத உன் கைல குடுத்துட்டுத்தான் உள்ள காலெடுத்து வெக்கணும்னு சொல்லிட்டா."

ஜெயித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; இப்போதெல்லாம் நான் ஒரு தும்மல் போட்டால் வார்டில் நாலு பேர் போன் செய்து உருக்கமாக நலம் விசாரிக்கிறார்கள், அதில் மூன்று பேர் அடுத்த தடவை இதே வார்டில் நிற்க ஆசைப்படுகிறவர்கள்.