முன்னால் போகிறவரின் தோள்

என் கொழுந்தன் மரியசெல்வம் நடக்கும்போது பாதையைப் பார்க்க மாட்டார். முன்னால் போகிறவரின் தோளைத்தான் பார்ப்பார். நான் கீரனூருக்கு வாழ வந்த நாளிலிருந்து இதைக் கவனித்திருக்கிறேன். அவர் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், ஒருநாள் என் வீட்டுக்காரர் இன்னாசி மொபெட்டை வாய்க்காலுக்குள் விட்டுவிட்டார். பின்னால் சைக்கிளில் வந்த தம்பியும் அப்படியே இறங்கிவிட்டார்.

“நான்தான் குருடன், நீ ஏண்டா எறங்குன?”

“நீ எறங்குனியேண்ணே.”

இப்போது அவர் விமானப்படையில், வானத்தில் சாகசம் காட்டும் குழுவில் இருக்கிறார். விமானங்கள் ஒட்டினாற்போல் பறக்கும். பின்னால் வருகிறவர் தரையைப் பார்க்கக் கூடாதாம். முன்விமானத்தின் இறக்கையிலேயே கண்ணை வைத்திருக்க வேண்டுமாம். முன்னவர் தவறினால் எல்லாரும் தவறுவார்கள். இந்த வேலைக்கென்றே பிறந்தவர் என்று நினைத்திருந்தேன்.

இந்த லீவில் வந்தவர் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த வருஷம் அவரையே முன்னால் பறக்கச் சொல்கிறார்களாம். முடியாதென்றால் குழுவை விட்டுப் போக வேண்டும். லீவு முடிவதற்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

“பெரிய பதவி தேடி வருது, முழிச்சுக்கிட்டு இருக்க. கிறுக்காடா ஒனக்கு?” என்றார் இன்னாசி.

சாயங்காலம் தம்பி என்னை மாதாகோயில் திடலுக்குக் கூப்பிட்டார். பறப்பதற்கு முன், பறக்கப் போகிறபடியே தரையில் நடந்து பார்ப்பார்களாம்.

“என் தோளை மட்டும் பாத்துக்கிட்டு வாங்க மதினி.”

“ஆளுக பாத்தா சிரிப்பாங்க தம்பி.”

“சிரிக்கட்டும். நீங்க கீழ பாக்காதீங்க.”

“வலது பக்கம் சாயுறேன்... மேல போறேன்...” என்று ஒரே சீராகச் சொல்லிக்கொண்டு நடந்தார். அவர் தோள் சாய்ந்தால் நானும் சாய்ந்தேன். காலடியில் கல்லா முள்ளா தெரியவில்லை. ஆனாலும் பயமில்லை. திருப்பத்தில் குரல் நின்றது. திரும்பி என் காலைப் பார்த்தார்.

“முன்னால போறவன் திரும்பிப் பாக்கக் கூடாது மதினி. கொரலும் நடுங்கக் கூடாது. எனக்கு ரெண்டும் வரல. நீங்க விழுந்துருவீங்களோன்னே இருக்கு.”

“நான் விழலையே தம்பி.”

ஒத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். வாய்க்கால் ஞாபகம் வந்தது. பின்னால் வருகிறவர்களை நினைத்துப் பயப்படுகிறவர் முன்னால் போவது நல்லதா, பயமே இல்லாதவர் போவது நல்லதா? எனக்குப் பிடிபடவில்லை.

நாளையோடு லீவு முடிகிறது. இன்று காலையும் நடந்தோம். நேற்றைவிடக் குறைவாகத்தான் திரும்பிப் பார்த்தார். பதில் இன்னும் சொல்லவில்லை.