வெள்ளிப் பெயின்ற் அடித்த சிலுவை

குருசுமுத்து அண்ணை எனக்குப் பக்கத்து வீடு. டென்மார்க்கில், இக்காஸ்ட் நகரத் தொழிற்சாலையிலும் இருவருக்கும் ஒரே ஷிப்ட். வாய் திறந்தால் கால்வலியைப் பற்றித்தான் கதைப்பார்.

அவருடைய மகன் ஜெரோஷன் 2009இல் முள்ளிவாய்க்காலில் காணாமல் போனான். உடல் கிடைக்கவில்லை. மனைவி பற்றிமா அக்கா இன்றைக்கும் அவனுக்குச் சோறு போட்டு மூடிவைக்கிறா. செத்துப்போனான் என்று அந்த வீட்டில் யாரும் சொல்ல முடியாது. அண்ணைக்கோ அவனுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தி அழ ஓர் இடம் வேண்டும். கல்லறை இல்லாத பிள்ளைக்கு எங்கே போய்க் கொளுத்துவது?

எங்கள் கிராமச் சதுக்கத்தில், இரும்பைக் காய்ச்சி அடித்துச் செய்த பழங்காலச் சிலுவை ஒன்று நிற்கிறது. அதைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். செத்தவர்களை நினைக்கும் ஆத்துமாக்கள் திருநாள் ஒவ்வொன்றுக்கும் அதன் காலடியில் திரி எரியும். டெனிஷ்காரர் கண்டும் காணாததுபோலப் போவார்கள்.

போன வருடம் அது அவருக்குப் போதவில்லை. ஊரில் திருநாளுக்கு முதல் சேமக்காலைக்குப் போய்க் கல்லறைகளைத் துப்புரவாக்கிப் பெயின்ற் அடிப்பார்களே, அதேபோல ஒரு ஞாயிறு மத்தியானம், சதுக்கத்தில் ஈ காக்கை இல்லாத நேரம், கம்பித் தூரிகையால் கறளைச் சுரண்டி, சிலுவை முழுக்க வெள்ளிப் பெயின்ற் அடித்துவிட்டார். அடிக்கல்லில் கறுப்பில் மகனின் பெயர். யாரிடமாவது கேட்க வேண்டும் என்று அந்த மனுசனுக்குத் தோன்றவே இல்லை. சொந்தக் கல்லறைக்குப் பெயின்ற் அடிக்க யார் அனுமதி கேட்கிறார்கள்?

மறுநாள் கொம்யூன் எனும் உள்ளூராட்சி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். மொழிபெயர்க்க நான் போனேன். பாதுகாக்கப்பட்ட சின்னம், பழைய பூச்சின் மிச்சமெல்லாம் போய்விட்டது என்று கண்கலங்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரும்புக்கு அழ இங்கே ஆள் இருக்கிறது.

கல்லில் இருப்பது யாருடைய பெயர் என்று கேட்டார்.

"என்ரை மகன்ரை எண்டு சொல்லு தம்பி," என்றார் அண்ணை. "செத்துப்போனான் எண்டும் சொல்லு."

அவர் வாயால் அதை நான் முதன்முதலாகக் கேட்டேன். சொன்னேன். அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் வேலையாட்கள் வந்து பெயின்றை உரித்தார்கள், பெயரையும் உரித்தார்கள், சிலுவையைச் சுற்றிக் கம்பிவேலி போட்டார்கள்.

பெயர் எழுதிய செய்தி கேட்ட நாளிலிருந்து அக்கா அவரோடு கதைக்கவில்லை. திருநாளன்று அவருக்குப் பின்னாலேயே சதுக்கத்துக்கு வந்தா. வேலிக்கு வெளியே நின்று வெறுங்கல்லைப் பார்த்தா. முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களே? பேர் நிக்கேல்லை. என்ரை பிள்ளை சாகேல்லை."

அண்ணையின் கை சட்டைப்பைக்குள் மெழுகுதிரியைப் பிடித்தபடி இருந்தது. அதை அவர் வெளியே எடுக்கவில்லை.

"ஓம்," என்றார்.