பெர்த்திலிருந்து ஐந்தரை மணி நேரம்

போதும் என்கிற அளவுக்கு வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

இன்று கோலா சாவா வீட்டில் அப்பாவின் பதினாறாம் நாள் காரியம். பெர்த்தில் இருக்கும் அண்ணன் காலை விமானத்தில் வந்து இறங்கினார். சிப்பாங் விமான நிலையத்துக்குப் போய் அழைத்து வந்தது நான்தான்.

மாமா உருமாலை எடுத்து அண்ணன் தலையில் கட்டினார். மூத்த மகனுக்குக் கட்டுவதுதான் முறை. அதில் எனக்குக் கோபமில்லை.

கட்டிவிட்டு அவர் சொன்னதில்தான் கோபம்.

"பாவம்யா பிள்ள! அஞ்சர மணி நேரம் பறந்து வந்திருக்கான். நாலாயிரம் கிலோமீட்டர் லா! அப்பன் மேல எவ்வளவு பாசம் பாரு!"

"கொள்ளி வைக்க வரலையே மாமா. நான்தானே வச்சேன்," என்றேன்.

"அவனுக்கு லீவு கெடைக்க வேணாமாடா? நீ பக்கத்துல இருக்கறவன், உனக்கென்ன கஷ்டம்?"

அண்ணனோ, "ரொம்ப டயர்டா இருக்கு மாமா," என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டார். அத்தை ஓடிப்போய்த் தலையணை கொண்டுவந்தார்.

நான் இருப்பது அரை மணி நேரத் தொலைவில், ரஹாங்கில். அப்பா படுக்கையில் கிடந்த நான்கு வருடமும், வேலை முடிந்ததும் அங்கிருந்து வந்து அவரைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டிவிட்டுப் போனேன். அந்த நான்கு வருடமும் பெர்த் விமானம் வந்துகொண்டுதான் இருந்தது. ஒருமுறைகூட அதில் அண்ணன் இல்லை.

பாசத்தைக் கிலோமீட்டரில் அளக்கும் சொந்தக்காரர்கள் உங்கள் வீட்டிலும் உண்டா? எழுதுங்கள்.

மாமாவும் இந்த முகநூல் குழுவில்தான் இருக்கிறார். அதனால் பெயர் போடாமலே பதிவிடுகிறேன். பக்கத்தில் இருப்பவனின் பெயரை யார் கேட்கப் போகிறார்கள்?