எண்பத்து நான்கு கிலோ

லாம்பர்ட் கிரிங்ஸ் கொட்டகைத் தரையில் மண்டியிட்டு மீன்பிடி நூலை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். காரின் முன்னும் பின்னும் நிறுத்திய இரும்புக் கால்களுக்கு நடுவே, சக்கரத்தின் மைய உயரத்தில், அந்த நூல் விறைப்பாக நிற்க வேண்டும். வலது கை முடிச்சுப் போட்டது. இடது கை நூலை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். மூன்று முறை நழுவவிட்டது. நான்காம் முறை பல்லால் கடித்துக்கொண்டு முடிச்சை இறுக்கினான்.

அவன் மனைவி மெக்தில்ட் வாசலில் காபிக் கோப்பையுடன் நின்று பார்த்தாள். முப்பத்தோரு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள். அவசரத்தில் நழுவும் கை எது, பிடிக்கத் தெம்பில்லாமல் நழுவும் கை எது என்று அவளுக்குத் தெரியும். ஆகஸ்டிலேயே தெரிந்துவிட்டது, அவன் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் கழுத்து வழியாக மாட்டும் பனியனுக்கு மாறியபோது. இப்போது நவம்பர்.

ஐஃபல் மலையில் அவர்கள் ஊருக்குப் பின்னால், காட்டைத் தாண்டினால் பந்தயத் தடம். திறந்துவிடும் நாளில் யார் வேண்டுமானாலும் சீட்டு வாங்கி ஒரு சுற்று ஓட்டலாம். அதனால் ஊரில் பாதி வீட்டில் தரையோடு தரையாக இறக்கிய கார் ஒன்று நிற்கும். லாம்பர்ட் கல்குவாரி லாரி ஓட்டுபவன். பத்தொன்பது வருடத்துக்கு முன் இந்த வெள்ளி நிற இரண்டு கதவுக் காரை வாங்கி, நான்கு சென்டிமீட்டர் இறக்கி, பரிசோதகரிடம் காட்டி, அதைக் காரின் தாள்களிலும் பதிய வைத்தான். இறக்கிய கார் மன்னிக்காது. உயரம் குறைந்ததும் சக்கரங்கள் தாமாகவே சாய்ந்துகொள்ளும், முன்சக்கரங்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும். மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் திருப்பி நேராக்க வேண்டும். லாம்பர்ட் அதில் கெட்டிக்காரன். ஊர்க்காரர்கள் டயர் கடை எவால்டிடம் இருக்கும் லேசர் மெஷினை விட்டுவிட்டு இவன் நூலுக்கு வந்தார்கள்.

காரணம் எளிது. மெஷின் காலிக் காரை அளக்கும், காலிக் காரை எவனும் ஓட்டுவதில்லை என்பான். ஓட்டுபவனின் எடையை இருக்கையில் வைத்துத்தான் நூலைக் கட்டுவான். தன் காருக்கு, பனிக்காலத்தில் பாதையில் தூவும் கல்பொடியை இரண்டு சாக்குகளில் நிறைத்து வைத்திருந்தான். இரண்டும் சேர்ந்து எண்பத்து நான்கு கிலோ. சாக்குகளின் மேல் தடித்த பேனாவால் ‘நான்’ என்று எழுதியிருந்தான்.

அந்தக் கார் கோடையிலிருந்து இடப்பக்கம் இழுத்தது. அந்த நாட்டில் கார்கள் சாலையின் வலப்பக்கம் ஓடும், ஓட்டுபவனின் இருக்கை காரின் இடப்பக்கம். அந்தப் பக்கத்துச் சாலைகள் மழைத் தண்ணீர் வடிய வலப்பக்கம் சரிந்திருக்கும். கையை விட்டால் வலப்பக்கம்தான் ஒதுங்க வேண்டும். இது சரிவுக்கு எதிராகப் போனது. ஆறு முறை நூல் கட்டினான். ஸ்டியரிங் கம்பிகளின் முனைகளை மாற்றினான். முன் டயர்களை இடம் மாற்றிப் பூட்டினான். கடைசியில் மானத்தை விட்டு எவால்டின் மெஷினில் ஏற்றினான். எல்லா அளவும் சரி. எவால்ட் தாளை நீட்டிக்கொண்டே சொன்னான்:

“காரு நேராத்தான்டா இருக்கு. ஓட்டறவனத்தான் என் மெஷின்ல ஏத்த முடியல.”

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லாம்பர்ட் அன்றிலிருந்து எவால்டோடு பேசுவதில்லை.

மெக்தில்ட் நரம்பு மருத்துவரிடம் இரண்டு முறை நேரம் வாங்கினாள். இரண்டு முறையும் அவன் ரத்து செய்தான். கார் இழுக்கிறது, அதைப் பிடித்துப் பிடித்துக் கை களைத்துப்போகிறது என்பது அவன் கட்சி. கார் நேராக ஓடினால் கையும் சரியாகிவிடும், அப்புறம் டாக்டர் எதற்கு? அவள் வாதாடவில்லை. வாதாடி யாரையும் கட்டிலிலிருந்து எழுப்பியதில்லை அவள். ஆனால் ஞாயிறுதோறும் அவனை எடை மேடையில் நிறுத்தி, எண்ணைச் சமையலறை நாட்காட்டியில் எழுதிவந்தாள். அவன் அதைப் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு அடையும் ஆப்பிள் மசியலும் தின்றுகொண்டிருந்தபோது சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். அவன் அடையை முள்கரண்டியின் விளிம்பால் வெட்டிக்கொண்டிருந்தான். கத்தியை எடுப்பதையே விட்டிருந்தான்.

“லாம்பர்ட், நீ இப்ப எழுபத்தோரு கிலோ. வசந்தத்துல எண்பத்து நாலு இருந்த. நல்லாத்தான் சாப்பிடற, இருந்தும் பதிமூணு கிலோ போயிருக்கு. இது சும்மா போறது இல்ல.”

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். அவள் அவன் பயப்படுவதற்காகக் காத்திருந்தாள். அவன் முகத்தில் அவள் எதிர்பார்த்தது வரவில்லை. வந்தது சந்தோஷம்.

“எழுபத்தொண்ணா? நிச்சயமா?”

“நிச்சயமா.”

“அப்ப சாக்கு தப்பு. நாலு மாசமா எவனோ ஒரு குண்டனுக்கு அளந்துக்கிட்டு இருந்திருக்கேன். நான் உக்காந்தா இடப்பக்கம் இறங்க வேண்டிய அளவு இறங்கல, அந்தச் சக்கரம் நிமிந்து நிக்குது. அதான் இழுக்குது. ஏன்டி இத முன்னாடியே சொல்லல?”

பதிமூன்று கிலோவுக்கு அந்தக் கெட்டியான சுருள்கம்பி இவ்வளவு நகராது என்று அவளுக்கே தோன்றியது. பத்தொன்பது வருடம் இந்தப் பேச்சைக் கேட்டே சாப்பிட்டவள். அவனுக்குத் தெரியாமல் இருக்காது. இருந்தும் அவள் அவன் தட்டில் இன்னோர் அடையை வைத்தாள். கோடைக்குப் பிறகு அவன் இவ்வளவு உற்சாகமாகச் சாப்பிட்டது அன்றுதான்.

சனிக்கிழமை காலை முழுவதும் வேலை நடந்தது. சாக்கிலிருந்து பதிமூன்று கிலோவை வாளியில் அள்ளிக் கொட்டினான். சாக்குகளை இருக்கையில் ஏற்ற அவள்தான் தூக்கினாள். நோயாளியைத் தூக்கும் அதே முறையில், முழங்காலை மடக்கி, உடம்போடு அணைத்து. சக்கரங்களுக்கு அடியில் கிரீஸ் தடவிய ஓடுகளை இரண்டிரண்டாக வைத்தார்கள், சக்கரம் தடையில்லாமல் திரும்ப. அவன் எஃகு அளவுகோலை நூலுக்கு நேரே வைத்து எண்ணைச் சொல்ல, அவள் எழுதினாள். நட்டு ஒன்று இறுகவில்லை. அவன் கேட்கவில்லை, அவளாகவே வாங்கி இறுக்கினாள். மூன்று மணிக்கு எல்லாம் அரை மில்லிமீட்டருக்குள் நின்றன. இதற்கு மேல் சரியாக ஒரு காரை யாராலும் வைக்க முடியாது என்றான். அது உண்மைதான்.

சாக்குகளை இறக்கிவைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். மர ஆலையைத் தாண்டி இரண்டு கிலோமீட்டர் நேர்ச்சாலை. அவன் ஓட்ட, அவள் பக்கத்தில். வேகம் எண்பதைத் தொட்டதும் அவன் பிடியைத் தளர்த்தினான். கைகளை எடுக்கவில்லை, ஸ்டியரிங்கின் மேல் வைத்திருந்தான், எப்போதும் போல. கார் மெதுவாக நடுக்கோட்டை நோக்கி, இடப்பக்கம், போனது.

அவன் ஓரமாக நிறுத்தினான். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வைப்பரும் உலர்ந்த கண்ணாடியில் ஆடிக்கொண்டிருந்தது, இண்டிகேட்டருக்குப் பதில் அதைத் தட்டிவிட்டிருந்தான்.

“இறங்கு, நான் ஓட்டறேன்,” என்றாள்.

அந்தக் காரை அவள் ஒருநாளும் ஓட்டியதில்லை. அவன் கொடுத்ததும் இல்லை, அவள் கேட்டதும் இல்லை. அவள் அறுபத்தொன்பது கிலோ. சாக்குக் கணக்கில் ஏறக்குறைய அவனேதான். இருவரும் இடம் மாறினார்கள். எண்பது வந்ததும் அவள் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

கார் நேராகப் போனது. வெகுதூரம் போய், சாலைச் சரிவுக்கு ஏற்ப, ஒரு சாண் வலப்பக்கம் ஒதுங்கியது. அழகாக வைத்திருந்தான்.

“இன்னொரு தடவ,” என்றான். திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு தடவை ஓட்டினாள். நேராகப் போனது.

மூன்றாம் தடவை அவன் தன் இடது கையை வலது கையால் தூக்கி, ஸ்டியரிங்கின் வலது ஓரத்தில் வைத்தான். பிடிக்கவில்லை. சும்மா வைத்தான். அந்தக் கையின் கனம் தொங்க, கார் வலப்பக்கம் புல்லை நோக்கித் திரும்பியது. அவள் பிடித்து நேராக்கினாள்.

அவன் கையைத் திரும்ப எடுத்து மடியில் போட்டுக்கொண்டான்.

“எவால்ட் சரியாத்தான் சொன்னான்,” என்றான். பிறகு, “தெரியுமா உனக்கு?”

“ஆகஸ்ட்லருந்து.”

“அப்ப எதுக்கு நட்ட இறுக்கின?”

வீட்டுக்கு ஓட்டிவந்தாள். அவன் வழி முழுவதும் பக்கவாட்டுக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிறு முழுக்கக் காட்டுக்கு அப்பாலிருந்து எஞ்சின்களின் இரைச்சல் கேட்டது, அந்த வருடத்தின் கடைசித் திறந்த நாள். அவன் சமையலறையில் உட்கார்ந்து கேட்டான். எடை பார்க்க அவள் கூப்பிடவில்லை.

திங்கள் காலை வாசல் பாதை உறைந்து கிடந்தது. எட்டு மணிக்கு நரம்பு மருத்துவரின் வரவேற்பு எண்ணை அவனே அழுத்தினான். பெயரைச் சொன்னான், பிறந்த தேதியைச் சொன்னான், இடது கை என்றான். எப்போதிலிருந்து என்று கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது. கோடையிலிருந்து என்றான். வியாழன் பத்து மணிக்கு வரச் சொன்னார்கள். அதற்குள் மெக்தில்ட் கொட்டகைக்குப் போய், ‘நான்’ என்று எழுதிய ஒரு சாக்கை எடுத்துவந்து, வாயைக் கிழித்து, கல்பொடியைக் கதவிலிருந்து சாலை வரை தூவினாள். அவன் வழுக்கி விழக்கூடாது. காலிச் சாக்கை மடித்துக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.