சீனிச்சாமி போன பஸ்

சீனிச்சாமி உள்ளே கால் வைத்தால் மெஷின் நின்றுவிடும். அருள்புரத்தில், பனியன் துணி பின்னுகிற அந்த நிட்டிங் கம்பெனியில் இதை மறுத்துப் பேச ஒருத்தர் கிடையாது. ஊசி முறியும், நூல் அறும், ஒன்றுமில்லாவிட்டால் கரண்டாவது போகும். தினமும் போகிற கரண்டுதான். ஆனாலும் பழி சீனிச்சாமிக்கு.

சாத்தூர்ப் பக்கத்திலிருந்து எண்பத்து நாலில் பிழைக்க வந்த மனிதர். தாய் தகப்பன் இல்லை, கல்யாணம் தட்டிக்கொண்டே போய் நின்றேவிட்டது. வந்த புதிதில் நூல் கோன் சுமந்து மெஷினுக்கு மெஷின் போய்க்கொண்டிருந்தார். அந்த வாரமே இரண்டு மெஷின் படுத்துக்கொண்டது. யாரோ விளையாட்டாகச் சொன்ன பேச்சு வேர் பிடித்துவிட்டது. முதலாளி லிங்கசாமி அந்த மட்டுக்கும் நல்லவர், வேலையை விட்டு நிறுத்தாமல் பின்னால் இருந்த கழிவுநூல் குடோனுக்கு மாற்றிவிட்டார். ஏழு வருஷமாக அங்கே ஒற்றை ஆள். எல்லாரும் மெஷின் ரூமில் கூடி டீ குடிக்கும்போது இவர் நூல் மூட்டைகளோடு குடிப்பார். பாவம், மனுஷனுக்குப் பேச்சே மறந்துபோகும் போலிருந்தது.

காதர்பேட்டைக்குப் பின்னால் அவர் தங்கியிருந்த லாட்ஜில், பக்கத்து அறைக்குத் தங்கவேலு குடிவந்தான். பௌதிகம் படித்துவிட்டு எக்ஸ்போர்ட் ஆபீசில் வேலை பார்க்கிறவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சீனிச்சாமி தன் ராசியைப் பற்றிச் சொன்னதும் அவன் சிரிக்கவில்லை. கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

“ஏனுங்ணா, இதே மாதிரிக் கெட்ட பேரு ஒரு பெரிய விஞ்ஞானிக்கும் இருந்துச்சுங்க. அணுவுக்குள்ள என்ன நடக்குதுன்னு கணக்குப் போட்ட ஆளுங்க. அவரு லேபுக்குள்ள வந்தாப் போதும், கருவி ஒடைஞ்சிரும்னு கூட இருக்கறவங்க சொல்லுவாங்களாம்.”

“நெசமாவா தம்பி?”

“ஆமாங்க. மனசு சரியில்லாம ஒரு மனோதத்துவ டாக்டர்கிட்டப் போனாருங்க. கண்ட கனவையெல்லாம் சொன்னாரு. அப்புறம் ரெண்டு பேரும் வருஷக்கணக்கா இதையே பேசுனாங்க. அணுவைப் பாக்கப் போனா, நாம அளக்கற விதமும் விடையில சேந்துக்குது. மனசுலயும் நமக்கே தெரியாத ஒரு ஆழம் இருக்குது. மனசும் பொருளும் அடியில ஒண்ணுதானோ, ஒண்ணுக்கொண்ணு காரணமா இல்லாமலே ரெண்டு விஷயம் ஒத்து நடந்தா அதுக்கும் ஒரு அர்த்தம் இருக்குமோன்னு யோசிச்சாங்க.”

“அப்ப என் மனசுதான் மெஷினை நிறுத்துதா?”

“அப்படியெல்லாம் யாரும் நிரூபிக்கலீங்க. அணுக் கணக்கை வெச்சு ஊசி முறியறதுக்குக் காரணம் சொல்ல முடியாதுங்க.”

சீனிச்சாமிக்கு அந்த விஞ்ஞானியின் நினைப்புதான். “இப்படி ஒரு பேரை வச்சுக்கிட்டு அவரு ரொம்பச் சங்கடப்பட்டிருப்பாரே?”

“இல்லீங்ணா. உள்ளுக்குள்ள சந்தோஷம்னுதான் சொல்றாங்க. கூட்டாளிக கேலி பண்ணுவாங்க, இவரும் சேந்து சிரிப்பாராம்.”

கேலி பண்ணக் கூட்டாளிகள்! அணுவும் ஆழ்மனசும் கிடக்கட்டும், அந்த ஒன்றுதான் சீனிச்சாமிக்குப் பொறாமையாக இருந்தது.

தொண்ணூற்றொன்றில், ஆவணி மாதம், கம்பெனியில் புது மெஷின் வந்து இறங்கியது. ஓட்டிப் பார்க்கிற நாளுக்கு முந்தின நாள் லிங்கசாமி குடோனுக்கே வந்து தலையைச் சொறிந்தார்.

“தப்பா நெனைச்சுக்காதீங்க சீனி. நாளைக்கு ஒரு நாளைக்கு லீவு எடுத்துக்குங்க. சம்பளம் புடிக்க மாட்டேனுங்க.”

“சரிங்க மொதலாளி” என்று வாய் சொல்லிவிட்டது, மனசு ஒப்பவில்லை. மறுநாள் லாட்ஜில் இருக்கப் பிடிக்கவில்லை. பல்லடம் போகிற பஸ் இவர்கள் கம்பெனி வாசலைத் தாண்டித்தான் போகும். வம்பே வேண்டாம் என்று நேர் எதிர்ப்பக்கமாக அவினாசிக்குப் பஸ் ஏறி, கோயில் மதிலோரம் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். சாமியிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: நான் இல்லாத இன்றைக்கு அந்த மெஷின் நிற்கட்டும், என் கெட்ட பேர் கழியட்டும். சோறு போடுகிறவரின் மெஷின் கெட வேண்டிக்கொள்கிறோமே என்று நெஞ்சு குறுகுறுத்தது. இருந்தாலும் வேண்டுதலை மாற்றவில்லை.

மெஷின் நின்றுதான் போனது. பூஜை போட்டுக் கற்பூரம் காட்டிய கையோடு, லிங்கசாமியே நூல் ஸ்டாண்டைச் சுற்றி மல்லிகை மாலை கட்டியிருக்கிறார். சுவிட்சைப் போட்டதும் மாலையின் வாழைநார் ஓடுகிற நூலோடு சிக்கிக்கொண்டு உள்ளே இறங்கி, ஊசிகளை வரிசையாக முறித்துப்போட்டது.

மறுநாள் காலையில் கேட்டிலேயே வாட்ச்மேன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். சீனிச்சாமிக்குக் கால் தரையில் பாவவில்லை. யாரையும் கேட்காமல் நேரே மெஷின் ரூமுக்குள் போனார். வேலை தொடங்கவில்லை, எல்லாரும் டீயும் கையுமாக நின்றிருந்தார்கள். அவரைக் கண்டதும் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள்.

“நேத்து எங்கீங்க போனீங்க?” என்றார் மெஷின் ஓட்டும் அய்யாசாமி. “நெசத்தைச் சொல்லோணும். சுவிட்சைப் போட்ட நேரத்துக்கு ஒரு பல்லடம் பஸ்சு இந்த வழியாப் போச்சு. நீங்க அதுலதான் இருந்திருப்பீங்கன்னு நாங்க பந்தயமே கட்டியிருக்கறோமுங்க.”

நார் சிக்கிய மெஷின் கண்ணெதிரே நின்றது. அவினாசி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஏழு வருஷப் பழி தீர்ந்தது. அப்புறம்? ‘ஓ, அப்படியா’ என்று ஆளுக்கொரு பக்கம் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். பழி தீர்ந்த சீனிச்சாமியைப் பற்றிப் பேச இவர்களுக்கு என்ன இருக்கிறது? நேற்றுப் பூராவும் இத்தனை பேர் தன்னை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

“ஆமாண்ணே” என்றார். “அந்தப் பஸ்லதான் போனேன். சன்னலோரமா உக்காந்து கம்பெனியவே பாத்துக்கிட்டுப் போனேன்.”

கூரை அதிரச் சிரித்தார்கள். அய்யாசாமி அவர் முதுகில் செல்லமாக ஒன்று வைத்தார். யாரோ கையில் டீயைத் திணித்தார்கள். சத்தம் கேட்டு வந்த லிங்கசாமி, மாலை கட்டிய கதையைப் பற்றி மூச்சு விடவில்லை.

“அடுத்த வாட்டி அவினாசிப் பக்கமாப் போயிருங்க சாமி” என்றார்.

“சரிங்க மொதலாளி.”

சீனிச்சாமி டீயை மெதுவாகக் குடித்தார். அது தீர்ந்தால் குடோனுக்குப் போக வேண்டும்.