லாடம் போட்ட எழுத்து

அம்மா டைப்பிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். அப்பாவுக்குக் கல்கத்தாவுக்கு மாற்றலாகி ஜாதவ்பூரில் குடியேறியபின், வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டு ஆராய்ச்சி மாணவர்களின் தீசிஸ்களை அடித்துக் கொடுத்தாள். தெருவில் அவளுக்கு நல்ல பெயர். எனக்குப் பத்து வயது. ஸ்கூலில் வாரம் ஒருமுறை கம்ப்யூட்டர் வகுப்பு இருந்ததால் எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

மாடியில் குடியிருந்த பெங்காலி மாணவரை தாதா, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவேன். அவருடைய ஆராய்ச்சி மின்சாரத்தைப் பற்றியது. பக்கத்துக்குப் பக்கம் Ω வரும். மின்தடையை அளக்கும் ஓம் என்ற அலகின் குறி அது. அம்மாவுக்கு அது வெறும் லாடம். டைப்ரைட்டரில் செய்வதுபோல இடம் விட்டு அடித்து, பிறகு மையால் வரைந்துவிடலாம் என்றாள். கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கையால் எழுதுவதா என்று தாதா ஒரு வழி காட்டினார். W என்று அடித்து, அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் சிம்பல் என்ற ஃபாண்டைக் கொடுத்தால் லாடம் வந்துவிடும். அம்மா நூற்றுக்கணக்கான இடங்களில் பொறுமையாக அப்படியே செய்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு தாதாவின் புரொபசர் வேறு ஃபாண்டில் வேண்டும் என்றார். அம்மா அடுப்படியில் இருந்தாள். நான் தீசிஸ் மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து ஒரே நொடியில் மாற்றினேன். சிம்பல் ஃபாண்டும் சேர்ந்து போய், லாடமெல்லாம் வேஷம் கலைந்து மறுபடி W ஆனதை நான் பார்க்கவில்லை. அம்மாவும் முதல் பக்கத்தை மட்டும்தான் பார்த்தாள்.

"சமத்துடி நீ. எனக்கு ஒருநாள் வேலையை மிச்சம் பண்ணிட்டே" என்று சொல்லி, அப்படியே ஃப்ளாப்பியில் ஏற்றிக் கொடுத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் தாதா ஐந்து பைண்டு பிரதிகளோடு வந்து நின்றார். W என்றால் வாட், மின்திறனை அளக்கும் அலகு. தீசிஸ் முழுக்க மின்தடையை வாட்டில் அளந்திருந்தது. மறுநாள் யூனிவர்சிட்டியில் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும்.

"பௌதி, ஏ கீ ஹொலோ?" என்றார். அண்ணி, என்ன ஆயிற்று இது என்று கேட்டு ஒரு பிரதியைப் பிரித்து நீட்டினார்.

நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். அம்மா என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு, ஃபாண்டை மாற்றியது தான்தான், சரிபார்க்காமல் விட்டதும் தான்தான் என்று அரைகுறை பெங்காலியில் சொன்னாள்.

அன்று மதியத்திலிருந்து விடிய விடியச் சவர பிளேடால் ஒவ்வொரு W-வாகச் சுரண்டி, கறுப்பு மையால் லாடம் வரைந்தாள். சில W-க்கள் நிஜமான வாட் என்பதால், தாதா பக்கத்தில் உட்கார்ந்து "ஏட்டா ஓம், ஓட்டா வாட்", இது ஓம், அது வாட் என்று விரல் வைத்துக் காட்டிக்கொண்டே இருந்தார். ஐந்து பிரதிக்கும் அப்படித்தான்.

தாதாவுக்குப் பட்டம் கிடைத்தது. ஆனால் செய்தி பரவியது. அதற்குப் பிறகு யாரும் அம்மாவிடம் தீசிஸ் கொண்டுவரவில்லை. பெரியவர்களே ஒப்புக்கொண்டால் தப்பு அவர்களுடையதாகத்தான் இருக்கும் என்று நான் நிம்மதியானேன். கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. ஸ்கூல் விட்டு வந்ததும் அதில் விளையாட உட்காருவேன்.

எனக்காகத்தான் அம்மா டைப் அடிப்பதையே விட்டுவிட்டாள் என்று சிநேகிதிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.